தாலிக்கொடியின் மேல் போட்ட பழி

என் பிடரி கறுக்கத் தொடங்கியபோது அம்மா முதலில் சந்தேகப்பட்டது தாலிக்கொடியைத்தான். "செம்பைக் கலந்து ஏமாத்திப்போட்டாங்கள்" என்று சொல்லி, கொடியைக் கழற்ற வைத்து, வின்டர்தூரிலிருந்து சூரிச்சுக்கு ரயிலேறி, நகைக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். கடைக்காரர் கல்லில் உரசிப் பார்த்தார். அசல் இருபத்திரண்டு கரட் தங்கம் என்றார். கொடியைத் திருப்பி வாங்கும்போது அம்மாவின் முகம் தொங்கிப்போயிருந்தது. தங்கம் குற்றவாளி இல்லையென்றால், மிச்சம் இருந்தது நான்தான்.

"வடிவாத் தேய்ச்சுக் குளிக்கிறேல்லையோ? ஊத்தை பிரண்டு கிடக்குது."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வீட்டுக்குப் போனால், குளியலறையில் பயத்தம் மாவும் மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் குழைத்துத் தயாராக இருக்கும். கல்யாணமான பெண்ணைக் குழந்தை மாதிரி இருத்தி வைத்து உரஞ்சுவார். தோல் சிவக்கும், எரியும். கறுப்பு மட்டும் அசையாது. நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். மற்றவர்களைக் குளிப்பாட்டிச் சுத்தமாக வைத்திருப்பதுதான் என் தொழில். எனக்கே கழுத்தில் ஊத்தை என்றால் வெளியில் சொல்ல முடியுமா? கோடை வெயிலிலும் கழுத்தில் ஒரு மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு திரிந்தேன்.

மாதவிடாயும் தன் இஷ்டத்துக்கு வந்தது, வராமல் விட்டது. சினைப்பையில் நீர்க்கட்டிகள், அதற்குப் பெயர் பி.சி.ஓ.எஸ். என்று சில வருடங்களுக்கு முன்பே ஒரு மருத்துவர் சொல்லியிருந்தார். எடையைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பியும் விட்டார். சோற்றைப் பாதியாக்கினேன், எடை ஏறியது. சோம்பேறி, வாயைக் கட்டத் தெரியாதவள், ஒழுங்காகக் குளிக்கத் தெரியாதவள். அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை, நானே அப்படித்தான் நம்பினேன். எல்லாம் என் பிழைதானா என்ற அந்த ஒரு கேள்விதான் என்னை உள்ளுக்குள் அரித்தது.

மருத்துவரைப் பார்க்க நெடுநாள் காத்திருந்து கிடைத்த டெர்மினுக்குப் போனபோது, புதிய பெண் மருத்துவர் கழுத்துத் துணியை எடுக்கச் சொன்னார். அவர் எதுவும் கேட்க முன்னரே, "நான் தினமும் குளிக்கிறேன்" என்று ஜெர்மனில் உளறிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பிடரியைத் தொட்டுப் பார்த்தார். கையைத் தூக்கச் சொல்லிக் கமக்கட்டையும் பார்த்தார்.

"இது அழுக்கு இல்லை. இரத்தத்தில் இன்சுலின் கூடும்போது தோல் இப்படித் தடித்துக் கறுப்பதுண்டு. உங்களுக்கு இருக்கிற சினைப்பைப் பிரச்சினையோடு இதுவும் அடிக்கடி சேர்ந்து வரும்."

"முன்பு சர்க்கரை சோதித்தார்கள். சரியாக இருந்ததே?"

"அதைச் சரியாக வைத்திருக்க உங்கள் உடம்பு எவ்வளவு பாடுபடுகிறது என்று அந்தச் சோதனை சொல்லாது."

குறித்த நாள் காலையில் வெறும் வயிற்றோடு போனேன். இரத்தம் எடுத்தார்கள். ஒரு குவளை இனிப்புத் தண்ணீர் தந்தார்கள். பொங்கலுக்குக்கூட யாரும் அவ்வளவு சர்க்கரை போடமாட்டார்கள். இரண்டு மணி நேரம் கதிரையில் இருத்திவைத்துவிட்டு மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். நீரிழிவு என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் அடுத்த சில நாட்கள் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

முடிவு வந்தது. சர்க்கரை எல்லைக்குள் நின்றது, இன்சுலின் எல்லை தாண்டிப் போயிருந்தது. உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லையாம். அதனால் அது மேலும் மேலும் சுரக்கிறதாம். நீரிழிவு இல்லை, வேளைக்கே கண்டுபிடித்துவிட்டோம் என்றார் மருத்துவர். நடை, சாப்பாட்டில் சில மாற்றங்கள், ஒரு மாத்திரை. கடைசியில், "இது சோம்பலால் வந்தது இல்லை" என்றார். நோய்க்குப் பெயர் கிடைத்ததற்கு யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன். பஸ் தரிப்பிடத்தில் நின்று, யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படாமல் அழுதேன். கழுத்துத் துணி கைப்பைக்குள் போய்விட்டது.

அங்கிருந்து நேரே அம்மா வீட்டுக்குப் போனேன்.

"அம்மா, இது ஊத்தை இல்லையாம்." மருத்துவர் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"அப்ப நான் உரஞ்சினது?"

"சும்மா உரஞ்சினது. எரிஞ்சது தெரியுமோ?"

அம்மா சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கதிரையில் மெதுவாக இருந்தார்.

"கமக்கட்டிலையும் வருமோ?"

"ஓம். வருமாம்."

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா கொண்டையைப் பிடரிக்கு மேல் ஏற்றிக் கட்டியதில்லை. அந்தக் கொண்டையை இப்போது அவிழ்த்து, கூந்தலை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். அவருடைய கழுத்து என்னுடையதைவிடக் கறுத்திருந்தது. உரஞ்சி உரஞ்சித் தோல் அங்கங்கே தடித்துக் கிடந்தது.

"எனக்கும் ஒரு டெர்மின் எடுத்துத் தா பிள்ளை" என்றார், திரும்பாமலே.