ஆன்சியின் சங்கடம்

ஆன்சியை மூன்றாம் முறை அழைத்து வந்த அன்று, அவளுடைய மாமியார் கையோடு மாற்றுத்துணிப் பையையும் கொண்டுவந்திருந்தார். "இன்னைக்கும் தெளியலைன்னா மதுரைக்குக் கொண்டுபோயி வார்டுல சேத்துருவோம்னு எங்க வீட்டுக்காரவுக சொல்லிட்டாக. பேரப்பயல நாங்க பாத்துக்கிருவோம்" என்றார். பையனுக்கு அப்போதுதான் பேச்சு வரத் தொடங்கியிருந்தது.

நான் கம்பத்தில் ஒரு தனியார் மனநல கிளினிக்கில் சீனியர் கவுன்சிலராக இருந்தேன். ஆன்சி குமுளிக்கு மேலே பிறந்தவள், தாய்மொழி மலையாளம். வாழ்க்கைப்பட்டது உத்தமபாளையம் பக்கம் ஒரு கிறிஸ்தவ விவசாயக் குடும்பத்தில். தமிழ் தண்ணீராகப் பேசுவாள். சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை என்று மட்டும் சொல்லிக் கூட்டிவந்திருந்தார்கள்.

எங்கள் டாக்டர் சென்னைக்காரர், நல்ல பையன். அவருக்கு நேர்ந்த ஒரே விபத்து, பெரிய ஓட்டல் ஒன்றில் நடந்த 'கல்ச்சுரலி சென்சிட்டிவ் தெரபி' ஒர்க்‌ஷாப்புக்குப் போய்வந்ததுதான். அதன்பிறகு நோயாளியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர்களுடைய கலாசாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

முதல் சிட்டிங்கில் ஆன்சி, "எப்பவும் சங்கடமா இருக்கு டாக்டர்" என்றாள். ஆண் டாக்டரிடம் பேசக் கூச்சப்படுகிறாள் என்று அவர் கேள்விகளை அத்தோடு நிறுத்தி, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டாவது சிட்டிங்கிலும் அதையே சொன்னாள். நடுவில் ஒரு திரை வந்தது.

"பளிச்சுன்னு மூஞ்சியப் பாத்துப் பேசுற பொண்ணு சார். கூச்சமாத் தெரியலையே" என்றேன்.

"ரூரல் விமன், மேடம். நாமதான் ரெஸ்பெக்ட் பண்ணணும்" என்றார்.

மூன்றாவது சிட்டிங்குக்கு வேட்டியில் வந்தார். சுவரில் வீரபாண்டி கௌமாரியம்மன் படம் புதிதாகத் தொங்கியது. கழுத்தில் சிலுவை போட்டிருந்த ஆன்சி படத்தையும் பார்த்தாள், வேட்டியையும் பார்த்தாள். "இன்னும் சங்கடமாத்தான் இருக்கு" என்றாள்.

"புரியுதும்மா. நான் வெளிய இருக்கேன், நீங்க மேடம்கிட்ட சொல்லுங்க" என்று எழுந்தார்.

ஆன்சி மேசையில் ஓங்கி அறைந்தாள். "எங்க போறீங்க? எங்க அம்மா செத்துப்போச்சு! சங்கடம் சங்கடம்னு சொல்றேன், நீங்க சுவத்தப் பாத்து உக்காருறீங்க!"

"அம்மாவா? சங்கடம்னா... கூச்சம் இல்லையா?"

"எங்க ஊருல அதுக்குத் துக்கம்னு அர்த்தம், டாக்டர்!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான முகத்தோடு டாக்டர் நின்றார். நான் மட்டும் என்ன வாழ்ந்தது? குமுளி மலையைத் தினமும் பார்க்கிறவள், அந்தச் சொல்லுக்கு அங்கே வேறு பொருள் என்று தெரியாமல்தான் உட்கார்ந்திருந்தேன்.

"வீட்டுல எங்க பாஷையில அழுதா, வெளங்குற மாதிரி அழு, புள்ள பயப்படுதுங்குறாக. எனக்குத் தமிழ்ல அழுக வரல."

"மலையாளம் தெரிஞ்ச இன்டர்பிரெட்டர் ஏற்பாடு பண்றேன்" என்றார் டாக்டர்.

"உங்களுக்கு வெளங்க வேணாம். எந்திரிச்சுப் போகாம இருங்க, போதும்."

அவர் உட்கார்ந்தார், இந்த முறை நேராக. "எண்டெ அம்மே" என்று தொடங்கி ஆன்சி அழுதாள். முக்கால்வாசி எனக்கு விளங்கவில்லை. டாக்டரை அவளோடு இருக்கவிட்டு நான் கதவைத் திறந்தேன்.

வெளியே மாமியார் பதறிப்போய் நின்றார். "என்ன இப்படிக் கத்துறா? மதுரைக்கு வண்டி சொல்லவா?"

"வேணாம் ஆத்தா. பெத்தவ செத்ததுக்கு அழுகுது."

"அது முடிஞ்சு ஒரு மாசமாச்சே! அதுக்காகத்தேன்னா தமிழ்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"தமிழ்லதேன் சொல்லுச்சு. நம்ம யாருக்கும் வெளங்கல. இனிமே வீட்டுலயும் அது பாஷையிலயே அழுகட்டும்."

"புள்ள பயந்துருமே!"

"அம்மா பக்கத்துல இல்லாட்டித்தேன் ஆத்தா பயந்துரும்."

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நோயாளி தெரியாத சொல்லைச் சொன்னால் நீங்களே அர்த்தம் கேட்டுவிடுவீர்கள். தெரிந்த சொல்லைச் சொன்னால்தான் ஆபத்து. அங்கே வெட்கப்படாமல், "அப்படின்னா என்னம்மா?" என்று கேளுங்கள்.