வாசிக்காத கல்யாண ஓலை

கல்யாணம் செய்து வைப்பதுதான் பாதிரியாருக்கு நிம்மதியான வேலை என்று சொல்கிறவர், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எந்தப் பங்கிலும் வேலை பார்த்திருக்க மாட்டார். சக பாதிரியார்களே, உபதேசியார்களே, நம் பாடு நமக்குத்தான் தெரியும்.

முதலில் கோயிலுக்குள் ஊர்த்தெருவுக்கு ஒரு பக்கம், காலனிக்கு ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். அடுத்து கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் வைத்தார்கள். மூன்றாவதாக, திருவிழாத் தேர் காலனிக்குள் வராது என்றார்கள். மூன்றுக்கும் துண்டறிக்கை அடித்துத் தெருத்தெருவாகக் கொடுத்தவன் நான், காலனியில் பிறந்தவன். ஒவ்வொன்றுக்கும் வேறு பங்குக்கு ஒரு மாற்றல் கிடைத்தது. எனக்கு அதில் வெட்கமில்லை, பெருமைதான். நாலாவதாக, இப்போதிருக்கும் பங்கில் கல்யாண ஓலையில் கை வைத்தார்கள்.

யார் பெயரை வாசிப்பது?

மணமக்கள் பெயரையும் பெற்றோர் பெயரையும் மூன்று ஞாயிறு பூசையில் வாசித்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சபையைக் கேட்பதுதான் ஓலை. ஊர்த்தெரு ஸ்டீபனுக்கும் காலனி ரெஜினாவுக்கும் எழுத உட்கார்ந்தேன். ரெஜினா விழுப்புரத்தில் நர்ஸ். அப்பா இல்லை; அம்மா கழனியில் வேர்க்கடலை பிடுங்கிப் படிக்க வைத்தவர்.

ஸ்டீபனின் அப்பா சவரிநாதன் கல்யாணத்துக்குச் சம்மதித்திருந்தார். ஒரே நிபந்தனை. பெண்ணின் தாய் என்று, திண்டிவனத்தில் டீச்சராக இருக்கும் அவள் சித்தியின் பெயரை வாசிக்க வேண்டுமாம். பெற்றவர் உயிரோடு இருக்கும்போது எதற்கு என்று கேட்டேன்.

"எங்கழனியில மல்லாட்டை புடுங்கிக்கினு இருக்கிறவ பேரை எம்புள்ள பேரோட சேத்துப் படிச்சா, ஊர்ல நான் எப்பிடி சாமி தலை நிமிந்து நடக்கிறது?"

காலனியில் நான் வாங்கியது

நேராக ரெஜினாவின் அம்மாவிடம் போனேன். விடக்கூடாது, துண்டறிக்கை அடிப்போம், கோயில் வாசலில் உட்காருவோம் என்று அரைமணி நேரம் கத்தினேன். அவர் முறத்தில் கேப்பையைப் புடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். புடைத்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நீங்க சண்டை போட்டுட்டு வேற ஊருக்கு மாத்தலாகிப் போயிடுவீங்க சாமி, எம்பொண்ணு இல்ல அந்த வூட்டுல வாழணும்?"

இத்தனை வருஷத்தில் எந்த எதிரியும் என்னை இப்படி அடித்ததில்லை.

மேலிடத்துக் காகிதம்

ஆனாலும் பொய்ப் பெயரை வாசிக்க மாட்டேன் என்று சவரிநாதனிடம் சொல்லிவிட்டேன். நாலே நாளில் ஆயர் இல்லத்திலிருந்து ஓலை விலக்கு, அதாவது ஓலை வாசிக்காமலே கல்யாணம் செய்து வைக்கும் அனுமதி, வாங்கி வந்தார். நாளைக்கே கப்பல் ஏறுகிறவனுக்குக் கொடுக்க வேண்டிய சலுகை அது. காரணம் என்ற இடத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று தட்டச்சு செய்திருந்தது. முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது. சாதி என்ற சொல் மட்டும் எங்கும் இல்லை. கீழ்ப்படிந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"படிச்சாதானே பேஜாரு சாமி, இப்போ யார் பேரையுமே படிக்க வேணாம்" என்றார் சவரிநாதன்.

வீடியோக்காரர்

கல்யாணத்தன்று சித்தி முன்வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தார். பெற்றவர் கடைசித் தூணுக்குப் பின்னால். பூசைக்கு முன்பு வீடியோக்காரரைக் கூப்பிட்டு, அந்தப் பக்கமும் கொஞ்சம் எடுப்பா என்றேன்.

"அந்தம்மா ஃபிரேமுக்குள்ள வரக்கூடாதுன்னு மாப்ள வூட்டுல சொல்லிட்டாங்க ஃபாதர், நான் இன்னா பண்றது?"

பதிவேடு

மணமக்கள் கைபிடித்து வார்த்தைப்பாடு சொல்லி முடிந்தது. தாலியும் கட்டியாயிற்று. இனி பதிவேட்டில் கையெழுத்து.

ஓலைக்கு விலக்கு வாங்கலாம். பதிவேட்டுக்கு யாராலும் வாங்க முடியாது. ஞானஸ்நானப் பத்திரத்தில் உள்ள தாயின் பெயரைத்தான் அதில் எழுத வேண்டும். இது சவரிநாதனுக்குத் தெரியவில்லை. "ஜல்தி முடிங்க சாமி, பிரியாணி ஆறிக்கினு இருக்கு" என்று அவசரப்படுத்தினார்.

வழக்கமாக உள் அறையில் சத்தமில்லாமல் முடித்துவிடுவோம். அன்று பதிவேட்டைப் பீடத்துக்கே கொண்டுவந்தேன். ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்வி இன்னும் குத்திக்கொண்டிருந்ததால், வாழப்போகிறவளிடமே மெல்லக் கேட்டேன்: அம்மா பெயரை வாசிக்கட்டுமா, வேண்டாமா? ரெஜினா கடைசித் தூணைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். ஸ்டீபன் தலையாட்டினான்.

"மைக்குல படிங்க சாமி, அம்மாவுக்குக் கேக்கணும்" என்றாள் ரெஜினா.

மாப்பிள்ளையின் தாய்மாமனும் ரெஜினாவோடு வேலை செய்யும் நர்ஸும் சாட்சிகளாகப் பேனாவோடு நிற்க, இத்தனை வருஷத் துண்டறிக்கையால் ஆகாத காரியத்தை மூன்றே வார்த்தையில் முடித்தேன்: "மணமகளின் தாய், லூர்தம்மாள்."