இடுப்பு டெல்மரின் தங்கை

எங்கள் மலைப் பக்கத்தில் ஓடைக்குள் விழுந்த வண்டிகளில் பாதிக்கு மேல் என் லாரியில் கொக்கி போட்டு மேலே இழுத்தவன் நான்தான். போதகரின் காரையே இரண்டு தடவை இழுத்திருக்கிறேன். இருந்தும் ஒருத்தனாவது என்னை 'லாரி டெல்மர்' என்று கூப்பிடுகிறானா? கிடையாது. பல வருடமாக நான் 'இடுப்பு டெல்மர்'. பெட்ரோல் பங்கில் காபி ஊற்றுகிறவள்கூட, "இடுப்பு, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்றுதான் கேட்கிறாள். எல்லாம் என் தங்கை ட்வைலாவால் வந்தது. அவள் கதையைச் சொல்கிறேன். தப்பு யார் மேல் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ட்வைலா ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். கைராசிக்காரி, வாய்தான் கொஞ்சம் நீளம். புருஷன் இன்னொருத்தியோடு டென்னசிக்கு ஓடிப்போனபோது அவள் அழவில்லை. அவன் உயிராக வைத்திருந்த தூண்டில்களைச் சர்ச் ஏலத்துக்குக் கொடுத்துவிட்டு, மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். அந்தப் படிப்பை முடித்தால் டாக்டரை எதிர்பார்க்காமல் தானே பெண்களைப் பரிசோதிக்கலாம், மருந்து எழுதலாம். எங்கள் பக்கத்தில் அப்படிப் படித்தவள் ஒருத்திதான், மலைக்கு அந்தப் பக்கம் கிளினிக் வைத்திருந்த இமோஜின்.

பாடமெல்லாம் கம்ப்யூட்டரில் வந்தது. நோயாளியிடம் கேள்வி கேட்டுப் பழக மட்டும் ஓர் ஆள் தேவைப்பட்டது. என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நீ அம்பது வயசுப் பொம்பளைண்ணே. என்னைப் பார்க்க வந்திருக்கே. சொல்லுங்கம்மா, கடைசியா எப்ப தூரம்?"

"போன வெள்ளிக்கிழமை. லெக்சிங்டன் வரைக்கும். ஒரு ஸ்கூல் பஸ்ஸை இழுத்துக்கிட்டுப் போனேன்."

"அந்தத் தூரம் இல்ல, எருமை!"

"நோயாளியை எருமைன்னு சொல்லலாம்னு உன் புத்தகத்துல போட்டிருக்கா?"

இப்படியே லாரியின் முன்சீட்டில் நான் எத்தனையோ பிள்ளை பெற்றேன். மாதவிடாய் நின்று உடம்பு தீயாய்க் கொதிக்கிறது என்று முனகினேன். இதற்கெல்லாம் ஒரு நன்றி கிடையாது.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. கைவேலையை ஒரு தேர்ந்த நர்ஸின் கிளினிக்கில் கூடவே நின்றுதான் கற்க வேண்டும். அந்த ஆளையும் படிக்கிறவளே தேடிப் பிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் படிப்பில் இடம் போய்விடும். ட்வைலா மலை தாண்டிப் போய் இமோஜினிடம் கெஞ்சினாள்.

"உன் மேல குறை ஒண்ணும் இல்ல," என்றாள் இமோஜின். "படிக்கிற பொண்ணு ரூம்ல நிக்கிறான்னாலே நம்ம பொம்பளைங்க கழட்டி வச்ச கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுறாங்க. என்கிட்டயே பாதிதான் சொல்லுவாங்க. உன்னை வச்சுக்கிட்டா அதுவும் போச்சு."

கெடு நெருங்கியது. வேறு யாரும் கிடைக்கவில்லை. காலேஜ் அவளுக்கு ஒரு பொம்மையை இரவல் கொடுத்திருந்தது. ரப்பரில் செய்த பெண்ணின் இடுப்பு. தொடையோடு முடிந்துவிடும், உள்ளே இருப்பதைக் கழற்றி மாட்டலாம். திங்கட்கிழமை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படிப்பை விடப்போவதாகச் சொன்னாள். அதுவரை அந்த வீட்டில் அவள் பாத்திரத்தை ஓசையில்லாமல் வைத்து நான் பார்த்ததில்லை. அன்று ஓசையே இல்லை.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. வெளியூர் போனவர்களும் திரும்பி வந்து கூடும் சர்ச் விருந்து. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். பாத்திரம் மாறிப்போகாமலிருக்க அடியில் காகித டேப் ஒட்டிப் பெயர் எழுதுவார்கள். என் லாரியில் சாப்பாட்டைச் சூடு ஆறாமல் வைக்கும் பைகள் இரண்டு இருந்தன. இரண்டும் ஒரே சிவப்புக் கட்டம். ஒன்றில் கோழியும் மாவுருண்டையும், இன்னொன்றில் மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டிய அந்த இடுப்பு.

"அண்ணே, அந்தப் பையைக் கொண்டுபோய் பீன்ஸுக்கும் புட்டிங்குக்கும் நடுவுல வை," என்றாள் ட்வைலா. எந்தப் பை என்று சொன்னாளா? சொல்லவில்லை. இதைத்தான் இத்தனை வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன், கேட்பாரில்லை.

வைத்தேன். போதகர் கண்ணை மூடி, மேசையில் இருக்கும் எல்லாவற்றையும், அதைச் செய்த கைகளையும் ஆசீர்வதித்தார். அப்புறம் ஆர்லீன் ஜிப்பைத் திறந்தாள். குரல் பெரிய கிழவி, விதவை. உள்ளே இருந்ததை வெளியே எடுத்தாள். தெரியாத பாத்திரம் கிடைத்தால் எங்கள் பெண்கள் என்ன செய்வார்களோ அதையே அவளும் செய்தாள். கவிழ்த்து அடியில் இருந்த டேப்பைப் படித்தாள்.

"ட்வைலாவோடதாம்!"

ஆண்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

"யார் கொண்டாந்தது?" என்றார் போதகர். ஐம்பது விரல்கள் என்னைக் காட்டின. அந்த நிமிடமே எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

ட்வைலா முகம் சிவக்காமல் நடந்து வந்தாள். ஆர்லீன் பொம்மையைக் கீழே வைக்கவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினாள்.

"ஏண்டி, எனக்கு ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்களே, அது இதுல எது?"

ட்வைலா கர்ப்பப்பையைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"இத்துனூண்டா? இதுக்குள்ளயா எம்பசங்க இருந்தானுங்க?"

"ஆமா பெரியம்மா. இது விரிஞ்சு கொடுக்கும்."

"மூத்தவன் மண்டைக்குமா?"

மூத்தவன் தட்டோடு வெளியே போய்விட்டான். பெண்கள் சிரித்துக்கொண்டே மேசையைச் சுற்றி நெருங்கினார்கள். இருமினால் நனைவது, வருடக்கணக்காய் விடாத வலி, புருஷனிடம் சொல்ல முடியாதது என்று ஒவ்வொன்றாய் வந்தது. புட்டிங் உருகியது, யாரும் தொடவில்லை. நான் லாரிக்குப் போய், மிச்சமிருந்த பையைத் திறந்து மாவுருண்டையை ஒரு கை பார்த்தேன்.

திரும்பி வந்தபோது இமோஜின் கோழித்தொடையைக் கடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வளர்ந்ததும் அந்தச் சர்ச்சில்தான்.

"இவங்கல்லாம் என்கிட்ட வர்றவங்கதான்," என்றாள் ட்வைலாவிடம். "ஒருத்தியும் இதெல்லாம் கேட்டதில்ல. திங்கக்கிழமை அதைத் திருப்பிக் குடுக்காத. என் கிளினிக்குக்குக் கொண்டு வா. முதல்ல அதுலேருந்து உன் பேரைப் பிய்ச்சுடு."

ட்வைலா படித்து முடித்தாள். இமோஜின் ஓய்வெடுத்த பிறகு அந்தக் கிளினிக் அவளுடையதாயிற்று. போன வாரம் என் கொட்டகைக்கு வந்தாள். அவளிடம் இப்போது ஒரு பெண் படிக்க வந்திருக்கிறாளாம். பயந்த சுபாவம். அவளைக் கண்டாலே நோயாளிகள் கோட்டை எடுத்து மாட்டிக்கொள்கிறார்களாம்.

சொல்லிக்கொண்டே சிவப்புக் கட்டம் போட்ட இரண்டு பைகளை என் லாரியின் மூக்கில் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை விருந்துண்ணே. இதைக் கொண்டுபோய் பீன்ஸுக்கும் புட்டிங்குக்கும் நடுவுல வை."

"எதைடி?"

"அன்னைக்கு மட்டும் சொன்னேனா? நீயா ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போ."