கறுப்பு நுரை

மகளின் சொத்தைப் பல்லைக் காட்ட வேப்பம்பட்டில் பல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டாக்டரம்மா பஞ்சில் தொட்ட கிராம்பு எண்ணெயின் வாசனை, இன்று லாரி ஷெட்டாகிவிட்ட கும்மிடிப்பூண்டி லைன் வீட்டுக் குழாயடியில், இரும்பாலையில் வேலைபார்த்த என் நைனாவின் பக்கத்தில் கொண்டுபோய் என்னை நிறுத்திவிட்டது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் அங்கே வரிசையாகக் குந்தி, கிராம்பு மணக்கும் ரோஸ் நிறப் பல்பொடியால் தேய்தேயென்று தேய்ப்பார்கள். ஆலைக்கரி கலந்த நுரை சிமெண்டுத் தரையில் கறுகறுவென்று ஓடும்.

"கறுப்பு போவட்டும் கண்ணு, அப்பால தூக்கிக்கிறேன்" என்பார் நைனா.

சும்மா நிற்கப் பொறுக்காமல், அவர் உள்ளங்கையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நானும் தேய்ப்பேன்.

"உங்களுக்கு ஒரு சொத்தைகூட இல்லியே! ரெண்டு வேளையும் தேய்ப்பீங்களா?" என்று என் பல்லையும் பார்த்துவிட்டுக் கேட்டார் டாக்டரம்மா.

"சின்ன வயசுலேர்ந்தே. எங்க நைனா புண்ணியம்" என்றேன்.

அவருடைய நுரை முழுக்க வெளுத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் என்னைத் தூக்கிக்கொள்ளாமல் அவர் ஒருநாளும் வீட்டுக்குள் போனதுமில்லை.