சத்தமில்லாமல் இறங்கிய ஜீப்பு

போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு டிரைவர் நான். சில வருஷங்களுக்கு முன் மழையில் மண் சரிந்து, தோட்டத் தொழிலாளர்கள் சிலர் வீடிழந்தார்கள். அவர்களுக்கு நிதி திரட்ட, துணிக்கடை காதர் மாமா ஒரு மாதம் தினமும் காலையில் மலைரோட்டில் ஏறி இறங்கி ஓடுவதாகச் சொல்லி ஓட ஆரம்பித்தார். நானும் தினம் ஏதாவது தருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். சம்பளத்தில் அது முடியவில்லை. அதனால் காலி வண்டியோடு திரும்பும்போது இறக்கத்தில் என்ஜினை அணைத்து உருளவிட்டேன். டீசல் காசில் மிஞ்சியதை அவர் வசூல் டப்பாவில் போட்டேன்.

பதினெட்டாம் நாள் கடும் பனிமூட்டம். ஒரு வளைவில் திடீரென்று அவர் முதுகு தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன். ஈர ரோட்டில் வண்டி வழுக்கிப் போய் அவர்மேல் மோதியது. கடைசிவரை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

உயிர் தப்பியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஊரே பனியைத்தான் குறை சொன்னது. ஆஸ்பத்திரியில் அவர் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் மாப்ளே, வண்டி வந்த சத்தமே எனக்குக் கேக்கலையே? காதும் போச்சா?" என்றார்.

"பனிதான் மாமா" என்றேன்.

இப்போது எந்த இறக்கத்திலும் நான் என்ஜினை அணைப்பதில்லை. வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கிறேன். மாமா கடையில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள்.

உங்க காது நல்லாத்தான் இருக்கு மாமா.