ஒரே ஒரு ஈரக்கட்டை

வீணாகும் விறகையும் புகையையும் குறைக்க என்னை மடுல்சீமைத் தேயிலை பேக்டரிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே அடுப்பு எரித்தவர் புருவம் கருகிய, ஒல்லியான மனிதர். நான் சொன்னபடி காய்ந்த விறகை மட்டும் அளவாகப் போட்டார். சில நாட்களில் புகைபோக்கியில் புகையே தெரியாமல் போனது.

ஆனால் தினமும் விடியும்போது ஓர் ஈரக்கட்டையை அடுப்பில் தள்ளிவிட்டு, வெளியே போய் அண்ணாந்து பார்ப்பார்.

"இது எதுக்கு?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

"புகை தெரியலன்னா பேக்டரிய மூடிட்டாங்கன்னு லயத்துல குடியிருக்கிற தொழிலாளிங்க பயந்துக்கிறாங்க சார். பக்கத்துத் தோட்டத்துல அப்படித்தான் ஒருநாள் புகை நின்னுச்சு."

நானும் வெளியே வந்தேன். பனிமூட்டத்துக்குள் புகை சாம்பல் நூலாய் ஏறிக் கரைந்தது. எதிர்மலை லயத்து வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அறிக்கையில் வீணாகும் விறகையெல்லாம் எழுதினேன். அந்த ஒரு கட்டையை எழுத மட்டும் மனம் வரவில்லை.