ஓடுபாதையைத் திறந்தவள்

உயரம் ஒரு விரற்கடை போதவில்லை என்று திருப்பி அனுப்பிய அதே வாசலில் அடுத்த ஆண்டு மறுபடி போய் நின்று வாங்கிய விமானப்படை வேலை. ஓடுபாதையில் கல் பொறுக்கிக்கொண்டே அஞ்சல் வழியில் படித்து முடித்த பட்டம். பிசகிய முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடி, தன்னைவிட இளையவர்களைப் பின்னால் விட்டு ஜெயித்த அதிகாரித் தேர்வு. தோளில் ஒற்றைப் பட்டை. இத்தனையும் எறும்பு சம்பாதித்தவை. யாரும் தூக்கிக் கொடுத்தவை அல்ல.

எறும்பு என்று பெயர் வைத்தவன் அவளுடைய அண்ணன். ஆள் சின்ன உருவம். எப்போது பார்த்தாலும் தன்னைவிடப் பெரிய எதையாவது இழுத்துக்கொண்டு போவாள். சிறு வயதில் அது தண்ணீர்க் குடம், பிறகு புத்தக மூட்டை, பிறகு படையின் கித்தான் பை. படைக் கிடங்கில் அவள் அளவுக்குக் காலணி இல்லாமல், தனியாகச் சொல்லி வரவழைத்தார்கள்.

கைக்கு எட்டாமல் இருந்தது ஒன்றுதான். ஒரு கையெழுத்து.

விமானத் தளத்தில் தினமும் விடியும்போது ஒரு ஜீப் ஓடுபாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாக ஊர்ந்து போகும். முன் இருக்கையில் பணி அதிகாரி. பின்னால் ஒரு சிப்பாய். கல், கழன்று விழுந்த திருகு, செத்த பறவை, எது கிடந்தாலும் இறங்கி எடுக்க வேண்டும். சுண்டுவிரல் அளவு திருகை இயந்திரம் உள்ளே இழுத்துவிட்டால் போதும், விமானம் திரும்பி வராது. எல்லாம் பார்த்து முடித்த பிறகு, ‘ஓடுபாதை திறந்தது’ என்ற வரிக்குக் கீழே அதிகாரி கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழும்வரை ஒரு சக்கரம்கூட உருளாது.

பத்து ஆண்டுகளாக அந்த ஜீப்பின் பின் இருக்கையில் இருந்தவள் எறும்பு. இறங்கிப் பொறுக்குவது அவள். வரியை எழுதுவது அவள். பேனாவைத் திருப்பி நீட்டுவதும் அவள். கையெழுத்து மட்டும் வேறொருவருடையது. அதிகாரி ஆன பிறகும் அது அவளுடையதாகவில்லை. இளநிலை அதிகாரிகளுக்கான தலைமைப் பயிற்சியில் தேறினால்தான் அந்த உரிமை கிடைக்கும். சிப்பாய் நிலையிலிருந்து மேலே வந்தவர்களுக்கு அதில் இன்னொரு கண்டிப்பும் உண்டு. பயிற்சியின் முக்கியத் தேர்வான ‘தலைமை நாளில்’ இரண்டு முறை தவறினால் தோளிலுள்ள பட்டை போய்விடும். திரும்பவும் ஜீப்பின் பின் இருக்கைதான்.

எறும்பு ஒரு முறை தவறியிருந்தாள்.

தலைமை நாள் என்பது இப்படித்தான். ஒரு நீளமான அறை. நடுவில் விமானத் தளத்தின் மாதிரி வைத்த மேசை. சுவரோரம் தொலைபேசிகள், ரேடியோப் பெட்டி, அதன் முன்னால் ஒரு ரேடியோக்காரர். பயிற்சிக்கு வந்த அதிகாரிகளில் ஒருவர் அன்றைக்கு அந்தத் தளத்துக்கே தலைவர். மற்றவர்கள் அவருக்குக் கீழே வேலை செய்வார்கள். வெளியே, உண்மையான மைதானத்தில், காயம்பட்டவராகவும் திருடராகவும் கோபக்கார ஊர்க்காரராகவும் நடிக்க ஆட்கள் இருப்பார்கள். அடுக்கடுக்காகச் செய்திகள் வரும். வரும் ஒவ்வொரு செய்தியும் ‘பயிற்சி, பயிற்சி’ என்று தொடங்கும். உண்மை எது, நடிப்பு எது என்று குழம்பாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

முதல் முறை அவள் தலைவராக இருந்தபோது ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் தீ என்று செய்தி வந்தது. எது பெரிய தீ, காற்று எந்தப் பக்கம், தண்ணீர் வண்டியில் எவ்வளவு தண்ணீர் என்று விசாரித்துக்கொண்டே இருந்தாள். விசாரித்து முடிப்பதற்குள் மேசையில் இரண்டு கட்டடங்களும் எரிந்து சாம்பலாகிவிட்டதாகப் பயிற்றுநர் அறிவித்தார். ‘முடிவெடுக்கத் தயங்குகிறார்’ என்று எழுதினார்கள்.

“பாட்டி, வண்டி வர்றதுக்குள்ள நீங்க விசாரணை கமிஷனே நடத்திட்டீங்க!” என்றான் ஒட்டகம். அவன் ஹெலிகாப்டர் ஓட்டி. கழுத்து நீளம். வகுப்பில் எல்லோரையும்விட எறும்புக்கு வயது கூட என்பதால் முதல் நாளே அவன்தான் அவளைப் பாட்டி ஆக்கியிருந்தான். அவள் சிரித்துவைத்தாள். அன்று சாப்பாட்டுத் தட்டை அப்படியே திருப்பி வைத்தாள்.

இரண்டாவது தலைமை நாள் வந்தது. காலையில் எறும்பு தலைவர். அவள் விட்ட இடத்திலிருந்து மதியம் ஒட்டகம் தலைவர். அவனுக்கும் அது முக்கியமான நாள். அதில் நல்ல மதிப்பெண் வந்தால் பெரிய ஹெலிகாப்டர் படைப்பிரிவுக்குப் போகலாம்.

எறும்பு நன்றாகவே தொடங்கினாள். கேட்டைப் பூட்டச் சொன்னாள். எரிபொருள் வண்டிகளைப் பிரித்து நிறுத்தினாள். எரிபொருள் கிடங்குப் பக்கம் ஒருவருக்குக் காயம் என்று ‘பயிற்சி, பயிற்சி’ போட்டுச் செய்தி வந்ததும் யோசிக்காமல் மேசை மேல் ஆம்புலன்ஸ் பொம்மையை நகர்த்தினாள். மூலையில் நின்ற தலைமைப் பயிற்றுநர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பயிற்றுநர்கள் முகம் காட்டக் கூடாது என்பது அங்கே விதி. அவர் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.

அப்போது ரேடியோக்காரர் காதிலிருந்த கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னார். “கிடங்குக்குப் பின்னால ஆள் விழுந்து கிடக்கார். மூச்சு சரியா வரலை.”

எறும்பு திரும்பிப் பார்த்தாள். “முதல்ல என்ன சொன்னாங்க?”

“அவ்வளவுதான் மேடம்.”

“பயிற்சின்னு சொன்னாங்களா?”

ரேடியோக்காரர் விழித்தார். “சொல்லலை மேடம்.”

“திரும்பக் கூப்பிடுங்க.”

கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். வெறும் இரைச்சல்.

“மறந்திருப்பாங்க பாட்டி,” என்றான் ஒட்டகம். “ஏற்கெனவே அங்க அடிபட்ட ஆள் இருக்கார்ல, அவர்தான். மேல போங்க.”

“மறக்கலை. வேணும்னே வெச்ச பொறி,” என்றான் வழக்கறிஞர். வகுப்பில் அவனுக்கு அதுதான் பெயர்; படையின் சட்டப் பிரிவில் வேலை பார்ப்பவன். எதற்கும் இரண்டு பக்கமும் வாதாடுவான். “நீங்க மறுபடி தயங்குறீங்களான்னு பார்க்குறாங்க. தயங்கினா போச்சு. நிறுத்தினாலும் போச்சு.”

சுவரில் ஒரு பலகை தொங்கியது. ‘உண்மையான ஆபத்து என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் நிறுத்து என்று சொல்லலாம்.’ சொன்னால் எல்லாம் நிற்கும். நடிப்பவர்கள் கலைந்துவிடுவார்கள், உண்மையான ஆம்புலன்ஸ் ஓடும். நிகழ்ச்சிகள் வெளிப்பட்டுவிடுவதால் அன்றைய பயிற்சியைத் திரும்பத் தொடங்க முடியாது. அவளுடைய தேர்வு பாதியில் நிற்கும். ஒட்டகத்தின் மதியமும் போய்விடும். அந்தப் பலகை அங்கே தொங்கிய காலம் முழுக்க அந்தச் சொல்லை யாரும் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை.

எறும்பு தலைமைப் பயிற்றுநரைப் பார்த்தாள். சுவர். மேசையைப் பார்த்தாள். கிடங்குக்குப் பின்னால் ஆளைக் குறிக்கும் ஒரு சின்ன மரக்கட்டை வெறுமனே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கிடங்கின் முன்பக்கம்தான் தெரிந்தது. நடிப்பவர்கள் கூலிக்கு வந்தவர்கள், வயதானவர்கள், வெயில் காலையிலிருந்தே ஏறிக் கிடந்தது. இது எல்லாம் அவளுக்கு ஒரே மூச்சில் தோன்றியது. ஜீப்பின் பின் இருக்கையில் இருந்த காலத்தில், தூரத்தில் ஏதோ மின்னினால் ஓட்டுநரின் தோளைத் தட்டுவாள். மின்னுவது திருகா, தண்ணீர்ச் சொட்டா என்று இறங்கிப் பார்த்தால்தானே தெரியும்?

“நிறுத்து,” என்றாள்.

குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னாள். “நிறுத்து! எல்லாத்தையும் நிறுத்துங்க!”

சங்கு ஊதியது. அறையே வெளியே ஓடியது. உண்மையான ஆம்புலன்ஸ் புழுதி கிளப்பிக்கொண்டு கிடங்கைச் சுற்றித் திரும்பியது.

கிடங்குக்குப் பின்னால், கவிழ்த்த வாளியின் மேல், நெற்றியில் சிவப்புச் சாயம் வழிய ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஒரு காலணியைக் கழற்றி உள்ளே இருந்த கல்லை உதறிக்கொண்டிருந்தார். ஓடி வந்தவர்களைப் பார்த்துப் பதறிப்போய்த் தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒரு கண்ணைத் திறந்து, “இப்ப சாகணுமா, இல்ல இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சா?” என்று கேட்டார்.

செய்தி சொன்னவர் புதிதாகச் சேர்ந்த சிப்பாய். ‘பயிற்சி’ என்று சொல்ல மறந்துவிட்டார். பிறகு ரேடியோவின் மின்கலம் தீர்ந்துவிட்டது. நடந்தது அவ்வளவுதான்.

ஒட்டகம் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தான். “நல்லா இருங்க பாட்டி. ரொம்ப நல்லா இருங்க.”

ஒவ்வொரு தலைமை நாளின் முடிவிலும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து நடந்ததைப் பேசுவார்கள். தோளில் இருக்கும் பட்டைகளைக் கழற்றி வாசலில் ஒரு தட்டில் போட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். இளையவர் முதலில் பேசுவார், தலைவராக இருந்தவர் கடைசியில். இடையில் யாரும் குறுக்கிடக் கூடாது. அன்று எறும்பு தட்டில் பட்டையைப் போடும்போது, திரும்ப எடுப்போமா என்ற நினைப்பு வந்தது.

“ஒரு தடவை கிடங்கு பின்பக்கம் யாரையாவது அனுப்பிப் பார்த்திருக்கலாம்,” என்றான் வழக்கறிஞர்.

“என் நாள் போச்சு,” என்றான் ஒட்டகம். “அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.”

எறும்பின் முறை வந்தது. அவள் எழுந்து நின்றாள். நிற்க வேண்டியதில்லை என்பது மறந்துபோயிற்று. “நான் நிறுத்தினேன். அங்க ஒண்ணுமில்லை. எல்லாருக்கும் ஒரு நாள் வீண்,” என்றாள்.

தலைமைப் பயிற்றுநர் முதல் முறையாக வாய் திறந்தார். “நாளைக்கு இதே செய்தி, இதே மாதிரி வந்தா?”

“நிறுத்துவேன் சார்.”

“அடுத்த நாளும் வந்தா?”

எறும்பு கொஞ்சம் யோசித்தாள். “அடுத்த நாள் வரவிட மாட்டேன் சார். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வெளிய ஒரு ஆளை நிக்க வெச்சிருப்பேன். நடிக்காத ஆள். கண்ணால பார்த்துச் சொல்ல. இன்னிக்கு அதைச் செய்யலை. நிறுத்தினது தப்பில்லை சார், கண்ணு வைக்காதது தப்பு.”

அவர் குனிந்து ஏதோ எழுதினார். நிமிரவில்லை. “போகலாம்,” என்றார்.

சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் தையல் இயந்திரம் பழுது பார்ப்பவன். பின்னால் ஏதோ இயந்திரம் தடதடத்தது.

“என்ன ஆச்சு? பாஸா?”

“நிறுத்திட்டேண்ணே.”

“எதை? வேலையையா?”

“இல்லண்ணே. தேர்வை.”

முழுக்கதையும் கேட்டான். தடதடப்பு நின்றது. “ஏண்டி, ஊரே வாயை மூடிட்டு இருந்திருக்கு. நீ மட்டும் திறக்கணுமா?”

“அந்தாளு மூச்சு நின்னிருந்தா?”

“நிக்கலையே!”

“அது போய்ப் பார்த்த பிறகுதானேண்ணே தெரிஞ்சுது.”

இயந்திரம் மறுபடி தடதடத்தது. “சாப்பிட்டியா?” என்றான்.

“இல்ல.”

“போய்ச் சாப்பிடு முதல்ல. பட்டையைப் பிடுங்குறதுன்னா வயித்துல சோறோட பிடுங்கட்டும்.”

ஒட்டகத்துக்கு அடுத்த வாரம் புதிய நிகழ்ச்சிகளோடு வேறு நாள் கொடுத்தார்கள். எறும்புக்கு ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்களோடு வேலை செய்யட்டும் என்று மட்டும் உத்தரவு. காலையில் ஒட்டகம் மேசையின் தலைப்பக்கம் போய் நின்றான். கழுத்தை நீட்டி எல்லோரையும் பார்த்தான். முதல் உத்தரவாக, “பாட்டி, நீங்க வெளிய போய் நில்லுங்க,” என்றான்.

அறை சிரித்தது. எறும்பின் முகம் சுண்டிப்போயிற்று.

ஒட்டகம் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்த ரேடியோவை அவிழ்த்து அவளிடம் நீட்டினான். “புது மின்கலம் போட்டிருக்கு. உண்மையா யாராவது விழுந்தா நீங்க சொல்லுங்க. வேற யார் சொன்னாலும் நான் நம்பப்போறதில்லை.”

அவன் தேர்வு முடியும்வரை அவள் கிடங்கின் மூலையில் வெயிலில் நின்றாள். இந்த முறையும் அதே பெரியவர்தான் காயம்பட்டவர். வாளியை அவள் நிழல் விழுந்த பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். யாரும் விழவில்லை.

முடிவைக் கூடத்தில் வாசித்தார்கள். தேறியவர்களை மட்டும், மதிப்பெண் வரிசையில் ஒவ்வொரு பெயராக. ஒட்டகம் மேலே எங்கோ வந்துவிட்டான். வழக்கறிஞர் நடுவில். பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. உட்கார்ந்திருப்பவர்கள் குறையக் குறைய எறும்பு காலி நாற்காலிகளை எண்ணினாள். அருகில் இருந்தவரும் எழுந்து போனார். வாசித்தவர் தாளைத் திருப்பினார். பின்பக்கம் ஒரே ஒரு வரி. அது அவள் பெயர்.

கடைசி. ஆனால் பட்டியலுக்குள்ளே.

குறிப்பில் இரண்டே வாக்கியம் இருந்தது. ‘கண் வைக்கத் தவறினார். நிறுத்தத் தவறவில்லை.’

தளத்துக்குத் திரும்பிய பிறகு முதல் பணி நாள். விடியும்போது ஜீப்பின் முன் இருக்கையில் ஏறினாள். கால் சரியாகத் தரைக்கு எட்டவில்லை. பின்னால் ஒரு சிப்பாய்ப் பெண், மடியில் பதிவேடு. மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து அழைத்துவிட்டார்கள். சரக்கு விமானம் ஒன்று இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு காத்திருக்கிறது, ஓடுபாதையைத் திறக்கலாமா?

“கொஞ்சம் இருங்க,” என்றாள்.

பாதையின் நடுவில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. ஓட்டுநரின் தோளைத் தட்டினாள். ஜீப் நின்றது. இறங்கி நடந்தாள். கோபுரம் மறுபடி அழைத்தது. அவள் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். போன வாரம் தார் பூசிய ஒட்டு. ஒன்றுமில்லை.

திரும்பி வந்து ஏறி, மீதி ஓடுபாதையையும் பார்த்து முடித்தாள். பின் இருக்கைப் பெண் வரியை எழுதி, பேனாவைத் திருப்பி நீட்டினாள். எறும்பு வாங்கி, வரியை ஒரு முறை படித்து, முழுப் பெயரையும் நிறுத்தி எழுதினாள்.

தேதி: 12 பிப்ரவரி 2018.